மூன்று பேண்டையும் கூட்டலாமா?

கேள்வி: செல் உயிரியலில் முதலாண்டு ஆய்வு மாணவி நான். வளர்ச்சிக் காரணி கொடுத்த செல்களில் ஷிக் புரதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) போட்டேன். ஒரு பேண்ட், அதாவது ஒரு கோடு, வரும் என்றிருந்தேன். 46, 52, 66 கிலோடால்டன் எடையில் மூன்று வந்தன. ஆன்டிபாடி சரியில்லையோ என்று வேறொன்று வாங்கிப் போட்டும் அதே மூன்று. "எல்லாம் ஒரே மரபணுவின் ஐசோஃபார்ம்தான், கூட்டி ஒரே தூணாக கிராஃபில் போடு" என்கிறார் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். கூட்டலாமா? ஒரே மரபணுவின் புரதங்கள் சமிக்ஞையில் வேறு வேறு வேலை செய்யுமா? செய்யும் என்றால் அதை எப்படிக் காட்டுவது? இன்னொன்று: ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த செல்களில் மேல் பேண்ட் சற்று மேலே ஏறியதுபோல் தெரிகிறது. ஜெல் கோணலாக ஓடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: கூட்டாதீர்கள். உங்கள் மூத்தவர் சொன்னதில் பாதி சரி. மூன்றும் எஸ்எச்சி1 என்ற ஒரே மரபணுவிலிருந்து வரும் வெவ்வேறு வடிவங்கள், அதாவது ஐசோஃபார்ம்கள்தான். ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்காக மூவரின் வரவு செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட முடியாது. இந்த மூவரில் இருவர் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், ஒருவர் மறுபக்கம் இழுக்கிறார். கூட்டினால் அந்த இழுபறியே காணாமல் போய்விடும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஆய்வு மாணவனாக இருந்த நாளில் வேறொரு புரதத்தின் கீழ் பேண்டை "சிதைவு" என்று முடிவு கட்டி, படத்தில் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்துத்தான் அது தனி வடிவம் என்று தெரிந்தது. நீங்கள் ஆன்டிபாடியை மாற்றிப் பார்த்தீர்களே, அந்த நிதானம் எனக்கு அப்போது இல்லை.

ஷிக்கை 1992-இல் அடையாளம் கண்டார்கள். அதற்குச் சொந்தமாக நொதி வேலை எதுவும் கிடையாது. இரண்டு பேரைச் சேர்த்து வைக்கும் இணைப்பான் அது. வளர்ச்சிக் காரணி ஏற்பியில் அமர்ந்ததும் ஏற்பியின் உள்வாலில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. ஷிக் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் 239, 240, 317-ஆம் டைரோசின்களிலும் பாஸ்பேட் ஏற, அதைப் பிடித்துக்கொண்டு கிராப்2 என்ற இன்னோர் இணைப்பான் வருகிறது. கிராப்2 சாஸைக் கூட்டி வருகிறது, சாஸ் ராஸைத் தட்டி எழுப்புகிறது, செய்தி, செல்லை வளரத் தூண்டும் எர்க் என்ற நொதி வரை ஓடுகிறது. இதெல்லாம் நீங்கள் படித்ததுதான்.

பிடிப்பதற்கு வேண்டிய பகுதிகள் மூன்று வடிவங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. 66-க்கு மட்டும் முன்முனையில் சுமார் 110 அமினோ அமிலங்கள் கூடுதல். பார்த்தால் சின்னத் தலைப்பாகை மாதிரி இருக்கும், ஆனால் ஆளே மாறிவிடுகிறார். 66-இலும் டைரோசினில் பாஸ்பேட் ஏறுகிறது, கிராப்2-வும் வந்து ஒட்டுகிறது. ஆனாலும் 66-ஐ மிகுதியாக உண்டாக்கிய செல்களில் எர்க் பாதை எழவில்லை என்றும், சி-ஃபாஸ் மரபணுவின் தூண்டல் தணிந்தது என்றும் 1997-இல் காட்டினார்கள். 52-உம் 46-உம் ராஸின் பக்கம் செய்தியைத் தள்ளுகின்றன. 66 அதே வாசலில் நின்றுகொண்டு தள்ளுவதில்லை.

66-க்கு இன்னொரு தொழிலும் உண்டு. அதன் கூடுதல் துண்டில் 36-ஆம் இடத்தில் ஒரு செரின் இருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் வந்தால் அதில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த வேலையைச் செய்யும் கினேஸ்களில் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகளில்) ஒன்று பிகேசி-பீட்டா. பிறகு புரதத்தின் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், சைட்டோகுரோம் சி-யிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. செல் சாவை நோக்கி நகர்கிறது. 66 மட்டும் இல்லாத எலிகள் சுமார் 30 சதவீதம் கூடுதல் காலம் வாழ்ந்தன என்று 1999-இல் வந்த செய்தி பெரும் பரபரப்பானது. பிந்தைய ஆய்வுகளில் அந்த ஆயுள் நீட்சி அதே அளவில் திரும்பவில்லை. குளிரும் உணவுப் போட்டியும் உள்ள திறந்தவெளியில் விட்டபோது அந்த எலிகள் பின்தங்கின. ஆகவே அதை "முதுமை மரபணு" என்று உங்கள் முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். அழுத்தத்தை உணர்வதில் 66-க்குப் பங்கு உண்டு என்பது மட்டும் உறுதியாக நிற்கிறது.

இனி இந்த மூன்றும் எப்படிப் பிறக்கின்றன என்பதைக் கவனியுங்கள், உங்கள் சோதனைத் திட்டமே அதைப் பொறுத்தது. 66-இன் தூது ஆர்என்ஏ வேறொரு புரமோட்டரில், அதாவது ஆர்என்ஏ நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் டிஎன்ஏ பகுதியில், தொடங்குகிறது. 52-உம் 46-உம் ஒரே ஆர்என்ஏவிலிருந்து வருகின்றன. ரைபோசோம் முதல் தொடக்கக் குறியைப் பிடித்தால் 52, அதைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்தால் 46. அதாவது ஆர்என்ஏவை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆர்என்ஏவைப் பெருக்கி எண்ணும் பிசிஆர் செய்து மூன்று வடிவங்களையும் அளந்துவிட்டதாக யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவதால் வரும் வடிவங்கள் இதைவிட மிகுதி. 1977-இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுக்கள் மரபணு துண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டார்கள். அதற்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. பல எக்ஸான்கள் (வெட்டி ஒட்டிய பின் ஆர்என்ஏவில் நிற்கும் துண்டுகள்) கொண்டவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு விதத்தில் மாற்று ஸ்ப்ளைசிங்குக்கு, அதாவது மாற்றி வெட்டி ஒட்டுவதற்கு, உள்ளாகின்றன. இங்கே ஒரு சொல் குழப்பமும் உண்டு. ஆக்ட்1, ஆக்ட்2, ஆக்ட்3 என்ற கினேஸ்களையும் பலர் ஐசோஃபார்ம் என்கிறார்கள். அவை மூன்று தனி மரபணுக்களின் புரதங்கள். கட்டுரை படிக்கும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மரபணுவின் வடிவங்கள் எதிரெதிராக வேலை செய்யுமா என்றால், பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். செய்தான், செய்யான். பகுதி ஒன்றேதான். நடுவில் ஓர் உறுப்பு போனதும் உடன்பாடு எதிர்மறையாகிவிடுகிறது. பிசிஎல்-எக்ஸ் மரபணுவில் அச்சாக இதுவே நடக்கிறது. அதன் இரண்டாம் எக்ஸானில் வெட்டுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. பின்னால் வெட்டினால் 233 அமினோ அமிலம் கொண்ட நீண்ட வடிவம். அது சாவைத் தூண்டும் பேக்ஸ், பேக் புரதங்களைக் கட்டிப்போட்டு மைட்டோகாண்ட்ரியாச் சவ்வைக் காக்கிறது, செல் பிழைக்கிறது. முன்னால் வெட்டினால் 63 அமினோ அமிலங்கள் போய் 170 மட்டும் மிஞ்சுகிறது, அது செல்லைச் சாவுக்குத் தள்ளுகிறது. இந்த இரண்டையும் கூட்டி "பிசிஎல்-எக்ஸ் மொத்தம்" என்று கிராஃப் போட்டவர் எதை அளந்தார்? காவல்காரனையும் திருடனையும் சேர்த்துத் தலையெண்ணியது போலத்தான்.

எல்லா இடத்திலும் இப்படி நேர் எதிராக இருக்காது. சிலவற்றில் யார் பேச்சைக் கேட்பது என்பது மட்டும் மாறும். எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் வெளி வளையத்தின் பின்பாதிக்கு இரண்டு எக்ஸான்கள் காத்திருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். மேற்பரப்பை மூடும் எபிதீலியச் செல்கள் ஒன்றை எடுத்து 3பி என்ற வடிவத்தைச் செய்கின்றன, அவற்றின் அடியிலுள்ள மெசன்கைம் செல்கள் மற்றதை எடுத்து 3சி-யைச் செய்கின்றன. 3பி கேட்பது எஃப்ஜிஎஃப்7, எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிக் காரணிகளை. அவற்றைச் சுரப்பதோ மெசன்கைம். ஆக, பக்கத்து வீடு பேசுகிறது, இந்த வீடு கேட்கிறது. பேசியவர் தன் குரலைத் தானே கேட்டு ஆடுவதில்லை. கைகால் மொட்டு முளைப்பதில் இந்த ஏற்பாடு அடிப்படையானது. ஏபர்ட் நோய்க்குறியில் 252-ஆம் இடத்துச் செரின் டிரிப்டோஃபேனாக மாறும்போது, 3சி வடிவமும் அந்த எஃப்ஜிஎஃப்7, 10 பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. மண்டையோட்டுப் பொருத்துகள் முன்கூட்டியே மூடுகின்றன, விரல்கள் ஒட்டிப் பிறக்கின்றன. ஒரு எக்ஸான் தேர்வு காத்துவந்த சுவர் எவ்வளவு பெரியது என்று இதில் தெரிகிறது.

என்னை அதிகம் கவர்ந்த எடுத்துக்காட்டு எஃப்எல்டி1 மரபணு. அது தரும் முழு வடிவம், ரத்தக் குழாயை வளர்க்கும் விஇஜிஎஃப்-இன் ஏற்பிகளில் ஒன்று. சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே கினேஸ் இருக்கும். அதே மரபணுவின் ஆர்என்ஏ, வழக்கமாக வெட்டி எறியப்படும் ஒரு இன்ட்ரானுக்குள்ளேயே வால் போட்டு முடிந்துவிட்டால், சவ்வுப் பகுதியும் இல்லாத, கினேஸும் இல்லாத கரையும் வடிவம் உண்டாகிறது. அது செல்லை விட்டு வெளியேறி ரத்தத்தில் மிதக்கிறது. காதை மட்டும் கழற்றித் தெருவில் விட்டதுபோல. விஇஜிஎஃப்-ஐயும் அதன் உறவான பிஎல்ஜிஎஃப்-ஐயும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும், செய்தி யாருக்கும் போய்ச் சேராது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரீஎக்லாம்ப்சியாவில் நஞ்சுக்கொடி இந்த வடிவத்தை அளவு மீறிச் சுரக்கிறது. 2003-இல் ஆனந்த் கருமாஞ்சி குழுவினர் இதைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வெளியேறியது. இன்று மருத்துவமனையில் இந்தக் கரையும் வடிவத்துக்கும் பிஎல்ஜிஎஃப்-க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். சந்தேகத்தோடு வரும் பெண்ணுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் நோய் வெளிப்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கொள்கிறார்கள். மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற மொத்தக் கணக்கை வைத்து இந்த முடிவுக்கு யாரும் வர முடியாது.

இதற்கு நேர்மாறு, ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் வி7 வடிவம். இதில் ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியே இல்லை. காது இல்லாததால் கட்டளைக்குக் காத்திருப்பதும் இல்லை, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியைக் குறிவைக்கும் என்சலுட்டமைடு என்ற புராஸ்டேட் புற்று மருந்துக்கு அங்கே பிடிக்க எதுவும் கிடையாது. ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களில் வி7 இருந்த புராஸ்டேட் புற்று நோயாளிகளுக்கு என்சலுட்டமைடும் அபிராட்டிரோனும் பலன் தரவில்லை என்று 2014-இல் வெளியானது.

ராஸ் குடும்பத்துக் கேராஸின் 4ஏ, 4பி வடிவங்கள் இரண்டும் பின்முனையில் மட்டும் வேறுபட்டு, சவ்வில் ஒட்டும் பசை வேறாகி, உட்காரும் இடம் மாறுகின்றன. அழற்சிச் செய்தியைக் கடத்தும் மைடி88-இன் குட்டை வடிவம் நேரத்தோடு விளையாடுகிறது: பாக்டீரிய நச்சுத் தூண்டல் நீடித்தால் செல் அதைச் செய்யத் தொடங்கும், அது ஐராக்4 என்ற கினேஸ் வந்து சேர்வதைத் தடுத்து, முழு வடிவம் மூட்டிய அழற்சியை அணைக்கும். தீயை மூட்டிய மரபணுவிலேயே தண்ணீர்க் குழாயும் இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, தரவுத்தளத்தில் கிடக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு தனித் தொழில் உண்டு என்று கிளம்பிவிடாதீர்கள். ஆர்என்ஏ வடிவங்களில் பல புரதமாகவே ஆவதில்லை. இடையில் நிறுத்தக் குறி விழுந்தவற்றைச் செல் அழித்துவிடுகிறது. பிசிஆர் நம்மை ஏமாற்றவும் செய்யும். விஇஜிஎஃப் 165பி என்ற வடிவம் 2002-இல் வெளியானது. கடைசி ஆறு அமினோ அமிலங்கள் மட்டும் வேறு, ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டாமல் தடுக்கும் என்றார்கள். அழகான கதை. பிறகு வேறு குழுக்கள் அது பிசிஆரின் பிழையாக இருக்கலாம் என்று எழுதின, வாதம் நீண்டது. என் கட்சி எளிது: புரதத்தைக் கண்ணால் காட்டு, அதை மட்டும் நீக்கிக் காட்டு, பிறகு தொழிலைப் பற்றிப் பேசு. உங்கள் கையில் புரதம் ஏற்கனவே பேண்டாக இருக்கிறது, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பின்முனையிலுள்ள எஸ்எச்2 பகுதிக்கு என்றால் மூன்றும் தெரிவது இயல்பு. முன்முனைக் கூடுதல் துண்டுக்கு மட்டும் எதிரான ஆன்டிபாடியைத் தனியாகப் போட்டால் 66 மட்டும் வர வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரத்த அணுக்களின் வம்சத்தில் வந்த செல்களில் பெரும்பாலும் 66 இருப்பதில்லை. அந்தச் செல்களில் மேல் பேண்ட் காணவில்லை என்றால் பிளாட் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அந்தக் கூடுதல் துண்டுக்குரிய வரிசையைக் குறிவைக்கும் எஸ்ஐஆர்என்ஏ (குறித்த ஆர்என்ஏவை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) 66-ஐ மட்டும் அடக்கும். எர்க் பாஸ்பேட்டை 0, 2, 5, 15, 30, 60 நிமிடங்களில் பாருங்கள். ஒற்றை நேரத்தில் எடுத்த படம் சமிக்ஞையில் பெரும்பாலும் பொய் சொல்லும், உச்சம் எப்போது, எப்போது தணிகிறது என்பதில்தான் வடிவங்களின் வேறுபாடு தெரியும். 52-ஐயும் 46-ஐயும் எஸ்ஐஆர்என்ஏவால் பிரிக்க முடியாது என்பது மேலே சொன்னதிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மூன்றையும் நீக்கிய செல்லில், தொடக்கக் குறியை மாற்றிய சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகலை) திருப்பி வைக்க வேண்டும். 52-இன் முதல் மெத்தியோனினைக் கெடுத்தால் 46 மட்டும் வரும். 46-இன் தொடக்கமான உள் மெத்தியோனினை வேறு அமினோ அமிலமாக்கினால் 52 மட்டும் வரும். அளவு மட்டும் இயற்கையை ஒட்டி இருக்கட்டும். வலிமையான புரமோட்டரில் பத்து மடங்கு ஏற்றிவிட்டால், இணைப்பான் புரதங்கள் தாங்கள் சேர்த்து வைக்க வேண்டியவர்களையே ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடும். நீங்கள் பார்ப்பது வடிவத்தின் குணமா, கூட்ட நெரிசலா என்று தெரியாது.

46-இன் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பதும் காணப்பட்டிருக்கிறது. முன்னாலுள்ள 45 அமினோ அமிலங்கள் போனதில் மறைந்திருந்த முகவரி வெளியே தெரிந்துவிடுகிறது என்று விளக்குகிறார்கள். உங்களிடம் செல்லைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் வசதி இருந்தால், முழுச் சாறோடு நிறுத்தாமல் மைட்டோகாண்ட்ரியப் பகுதியையும் ஜெல்லின் ஒரு லேனில் (ஓடுதடத்தில்) ஓட்டிப் பாருங்கள்.

கிராஃபில் மூன்று தூண்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் ஒரே அளவு சாறு இட்டதைச் சரிபார்க்கும் புரதத்துக்கு) எதிராக. பக்கத்தில் 66-க்கும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதத்தைத் தனியாகக் காட்டுங்கள். ஜெல்லிலிருந்து புரதம் ஏற்றிய ஒரே மெம்பிரேனில் உள்ள லேன்களுக்கு இடையே அந்த விகிதத்தை ஒப்பிடலாம். ஆனால் "செல்லில் 52 இத்தனை மடங்கு, 66 இத்தனை மடங்கு" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு வடிவத்தையும் ஆன்டிபாடி ஒரே பிடியில் பிடிக்கிறது என்பதற்கோ, மூன்றும் ஒரே அளவு மெம்பிரேனுக்கு ஏறின என்பதற்கோ உறுதி இல்லை. பேண்ட் கறுத்துப் போய் நிறைவுற்றிருந்தால் அந்தப் படத்தில் எதையுமே அளக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஜெல் கோணலாக ஓடியிருந்தால் 46-உம் 52-உம் சேர்ந்தே சாய்ந்திருக்கும். 66 மட்டும் ஏறியிருந்தால், செரினிலோ திரியோனினிலோ பாஸ்பேட் ஏறியிருக்கலாம். பெராக்சைடு கொடுத்த செல்களில் 66 அப்படி மெதுவாக ஓடுவது முன்பே கண்டதுதான். அதே சாறை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாஸ்பேட்டை நீக்கும் ஃபாஸ்ஃபட்டேஸ் நொதி சேர்த்து அடுத்தடுத்த லேன்களில் ஓட்டுங்கள். இதற்கு ஃபாஸ்ஃபட்டேஸ் தடுப்பான் போடாத சாறு வேண்டும், இதை மறந்துவிட்டு ஒரு நாளை வீணாக்குபவர்கள் நிறையப் பேர். பேண்ட் கீழே இறங்கிவிட்டால், 36-ஆம் செரினின் பாஸ்பேட்டை மட்டும் காணும் ஆன்டிபாடியை வாங்கச் சொல்லி உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். அந்த ஜெல்லையும் கையோடு எடுத்துப் போங்கள்.